கார் பெயிண்ட்டைக் கெடுப்பது ரோடு இல்லை, துணி

உங்க ஏரியாவில் நிற்கிற ஏதாவது ஒரு கறுப்பு கார் பக்கத்தில் போங்க. மொபைல் டார்ச்சை பானெட் மேல அடிச்சுப் பாருங்க. வெளிச்சம் விழுற இடத்தைச் சுத்தி, சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். டிடெய்லிங் தொழிலில் இதுக்கு ஸ்வர்ல் மார்க்னு பேர்.

இப்போ டார்ச்சை நகர்த்துங்க. வட்டமும் கூடவே நகரும்! அப்படின்னா கீறல்கள் உண்மையில் வட்டமா இல்லை. எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கான கீறல்கள் தாறுமாறா இருக்கு. அதில் வெளிச்சம் வர்ற திசைக்குக் குறுக்கா இருக்கிறவை மட்டும்தான் ஒளியை நம்ம கண்ணுக்குத் திருப்புது. அதனால வெளிச்சத்தைச் சுத்தி வட்டம் போட்ட மாதிரி தெரியுது. வீட்டில் பல வருஷமா தேய்ச்ச எவர்சில்வர் தட்டை பல்புக்கு நேரா பிடிச்சாலும் இதே எஃபெக்ட் கிடைக்கும்.

தட்டு உதாரணம் சும்மா சொல்லலை. தட்டுல கீறல் விழுந்தது சாப்பிட்டதால் இல்லை, தேய்ச்சதால். காரிலும் இந்த மெல்லிய கீறல்களில் பெரும்பகுதி ஓட்டும்போது விழுறதில்லை. கழுவும்போதும் துடைக்கும்போதும்தான் விழுது. காரை எப்படி சுத்தம் பண்ணா சேதம் குறையும், எந்தப் பிரச்சினைக்கு எது தீர்வு, கடையில் சொல்ற எதை நம்பலாம்னு வரிசையா பார்ப்போம். பைக் டேங்குக்கும் இதே பாடம்தான்.

பெயிண்ட் எவ்வளவு தடிமன்?

ஃபேக்டரியில் காருக்குப் பூசுறது ஒரே பெயிண்ட் இல்லை, நாலு லேயர். இரும்புத் தகடு மேல முதலில் துரு பிடிக்காமல் இருக்க எலக்ட்ரோ கோட். அதுக்கு மேல ப்ரைமர். அப்புறம் நிறம் தர்ற பேஸ் கோட். கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 140 மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணு சராசரியா 70 மைக்ரான். அதாவது, ரெண்டு முடியைப் படுக்க வச்சா என்ன உயரமோ, அவ்வளவுதான் காரோட மொத்த பெயிண்ட்.

இதில் கிளியர் கோட் பங்கு 40, 50 மைக்ரான் இருக்கும். பளபளப்பு இதிலிருந்துதான் வருது. வெயிலில் வர்ற புற ஊதாக் கதிர் கீழே இருக்கிற நிறத்தைச் சிதைக்காமல் தடுக்கிறதும் இதுதான். நாம பார்க்கிற ஸ்வர்ல் மார்க் எல்லாம் இந்த லேயரில்தான் இருக்கு.

ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வச்சுக்கங்க. இந்த லேயர் டெபாசிட் பண்ண முடியாத பேங்க் அக்கவுண்ட் மாதிரி. எடுக்க மட்டும்தான் முடியும். பாலிஷ் போட்டால் கீறல் "நிரம்பாது". கீறலைச் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டை, கீறலோட அடிமட்டம் வரைக்கும் செதுக்கி எடுக்கிறோம், அவ்வளவுதான். நாலஞ்சு தடவை கனமா பாலிஷ் போட்ட வண்டியில் ஒருநாள் கிளியர் கோட் செதில் செதிலா உரியும். அப்புறம் ரீபெயிண்ட் தவிர வேற வழி இல்லை. அதனால தொழில் தெரிந்தவர்களோட விதி ஒண்ணே ஒண்ணு: எது குறைவா உரசுமோ, அதை முதலில் செய்.

கீறல் எப்படி விழுது?

நம்ம ரோட்டுத் தூசியில் நிறைய மணல் இருக்கு. மணலில் முக்கியமா இருக்கிறது குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதோட கடினத்தன்மை 7. சாதாரண கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக் மாதிரியான பாலிமர். குவார்ட்ஸ் முன்னாடி அது நிற்காது.

காலையில் வண்டியை எடுக்கும் முன்னாடி காய்ந்த மஞ்சள் துணியால "சும்மா தூசி தட்டுறது" இருக்கே, அதுதான் மோசமான பழக்கம். துணிக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவில் மணல் மாட்டிக்குது. கை அழுத்தம் சேருது. துணி எம்ரி பேப்பரா மாறிடுது. இதைத் தினமும் செய்தால் வருஷத்துக்கு 365 தடவை எம்ரி பேப்பர் போட்டதாகக் கணக்கு. தூசியோட நிற்கிற வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. தூசியோட துடைக்கிற வண்டிக்குத்தான் ஆகும்.

சரியான வாஷ்: ஏழு படிகள்

தேவையானவை: ரெண்டு பக்கெட், பிஎச் 7-க்குப் பக்கத்தில் இருக்கிற கார் ஷாம்பூ, கையில் மாட்டுற மைக்ரோஃபைபர் வாஷ் மிட், துடைக்க ஒரு பெரிய மைக்ரோஃபைபர் டவல், வீலுக்குத் தனி பிரஷ், தனி துணி. துணி துவைக்கிற பவுடர் வேண்டாம். அது காரத்தன்மை உள்ளது. பாத்திரம் கழுவுற லிக்விட் வண்டியைக் கரைச்சிடாது, ஆனா மேல போட்ட வேக்ஸை எடுத்துடும்.

1. நிழலில் நிறுத்துங்க. பானெட்டைத் தொட்டால் சூடு இருக்கக் கூடாது. நம்ம ஊர் வெயிலில் கறுப்பு பானெட் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதுமேல ஷாம்பூ ஊத்தினால் கழுவுறதுக்குள்ள காய்ந்து கறை ஆகிடும்.

2. முதலில் வீல். பிரேக் தூசி நிறைஞ்ச இடம் அது. வீலைத் தொட்ட பிரஷும் துணியும் எப்பவுமே பாடி பக்கம் வரக் கூடாது.

3. கை வைக்காமல் வெறும் தண்ணீரால மேலிருந்து கீழே அலசுங்க. தளர்வா இருக்கிற மணல் முழுக்க இதிலேயே போகணும். ஃபோம் வாஷோட பயனும் இந்தப் படியில்தான். நாலஞ்சு நிமிஷம் நுரை ஊறினால் ஒட்டியிருக்கிற அழுக்கு இளகும். நுரை போட்டுட்டு உடனே ஸ்பாஞ்சால தேய்ச்சால், ஃபோம் வாஷுக்கு கொடுத்த காசு வேஸ்ட்.

4. ஒரு பக்கெட்டில் ஷாம்பூ, இன்னொண்ணில் வெறும் தண்ணீர். மிட்டை ஷாம்பூவில் நனைச்சு ஒரு பேனலைக் கழுவுங்க. அப்புறம் அதை வெறும் தண்ணீரில் நல்லா அலசிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் விடணும். ரெண்டாவது பக்கெட் எதுக்குன்னு கடைசியில் அதோட அடியைப் பார்த்தால் புரியும். அங்கே படிந்திருக்கிற மணல் இல்லேன்னா உங்க பெயிண்ட் மேல போயிருக்கும்.

5. கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவோட மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பாதியும் பம்பரும். அதிக மண் கீழேதான் இருக்கும். கையை வட்டமா சுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்க. அழுத்த வேண்டாம்; மிட்டோட எடையே போதும்.

6. மிட் கீழே விழுந்தால் அதோட கதை முடிஞ்சது. வேற எடுங்க.

7. அலசி முடிச்சதும், ஹோஸ் வாயிலிருந்து நாசிலைக் கழட்டிட்டு தண்ணீரை மெதுவா வழிய விடுங்க. பெரும்பகுதி தண்ணீர் ஒரு தாள் மாதிரி சேர்ந்து இறங்கிடும். மிச்சத்தை டவலால ஒத்தி எடுங்க.

மைக்ரோஃபைபர் ஏன்? பாலியஸ்டரும் பாலியமைடும் கலந்த, முடியை விட ரொம்ப மெல்லிசான இழைகள் அதில் இருக்கு. அழுக்குத் துகள் மேற்பரப்பில் உருளாமல் இழைகளுக்குள்ள போயிடும். ஆனா துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டால் இழை மேல படிந்து உறிஞ்சுற சக்தி குறையும்.

தண்ணீர் கணக்கும் பார்த்துடுவோம். ஹோஸில் நிமிஷத்துக்கு 10 லிட்டர்னு வச்சாலும், அரை மணி நேரம் திறந்து விட்டால் 300 லிட்டர். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்னதைப் பார்த்த நமக்கு இது சின்ன எண் இல்லை. லேசான தூசிக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் போதும். பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கரைச்சு ஸ்ப்ரே பண்ணி ஊறவிட்டு, ஈரமான மைக்ரோஃபைபரால ஒவ்வொரு பேனலா எடுக்கணும். அந்தத் திரவம் மணலைச் சுத்தி வழுவழுப்பைக் கொடுக்கிறதால உரசல் குறையும். ஒரே பக்கெட்டில் வேலை முடிஞ்சிடும். சேறு அப்பின வண்டிக்கு மட்டும் இது ஆகாது.

போர் தண்ணீர் என்கிற வில்லன்

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்பில் ஈடிடிஏ டைட்ரேஷன் பண்ணி, கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் வரைக்கும் பியூரெட்டை முறைச்சுக்கிட்டு நின்னோமே, அது இங்கேதான் பயன்படுது. போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட் கரைந்திருக்கு. பானெட் மேல ஒரு துளி ஆவியாகும்போது தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் போயிடும். கால்சியம் கார்பனேட் மட்டும் வெள்ளை வளையமா நிற்கும். பாத்ரூம் குழாயில் படியுதே, அதே உப்புதான்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை நல்லது என்கிறது. வேற தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. 600 உள்ள தண்ணீர் 100 மில்லி வண்டி மேல காய்ந்தாலே 60 மில்லி கிராம் உப்பு படிந்திடும். அதனாலதான் "தானா காயட்டும்"னு விடக் கூடாது.

வீட்டில் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறுற கழிவுத் தண்ணீரை கார் கழுவ வச்சுக்கிறது இப்போ பரவலா இருக்கு. தண்ணீரை வீணாக்காத எண்ணம் நல்லதுதான். ஆனா சுத்தமான தண்ணீரைப் பிரிச்சு எடுத்த பிறகு மிஞ்சினது அது. அதில் உப்பு முன்னை விட அதிகம். வீலுக்கும் முதல் அலசலுக்கும் வச்சுக்கங்க. கடைசி அலசலுக்கு வேண்டாம். அதுக்குப் பொருத்தமானது ஏசியிலிருந்து சொட்டுற தண்ணீர். காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து வர்றது என்பதால் அதில் கடினத்தன்மை ஏறக்குறைய கிடையாது. கேனில் பிடிச்சு வடிகட்டி வச்சா, காசில்லாத ஸ்பாட்-ஃப்ரீ ரின்ஸ்!

புதுசா படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைச்சு ஒரு நிமிஷம் வச்சு, உடனே அலசுங்க. அமிலம் கார்பனேட்டைக் கரைச்சிடும். பல மாசம் வெயிலில் இருந்து கிளியர் கோட்டையே அரிச்ச கறை இதில் போகாது.

கழுவியும் போகாதவை

பறவை எச்சம்: இதில் தாமதம்தான் எதிரி. வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகுது. மேல எச்சம் காய்ந்து இறுகுது. மாலையில் பெயிண்ட் குளிரும்போது அந்த மேடு பள்ளத்தோட அச்சு அப்படியே விழுந்திடும். ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் மேல போட்டு ஊறவச்சு, தூக்கி எடுங்க. சுரண்டாதீங்க.

சந்தனம், குங்குமம், விபூதி: ஆயுத பூஜை முடிஞ்சதும் பானெட்டில் காயவிட்டு, ஒரு வாரம் கழிச்சு நகத்தால சுரண்டுறது நம்ம வழக்கம். பொட்டு வைக்கலாம், தப்பில்லை. அன்னைக்கு சாயங்காலமே தண்ணீரில் ஊறவச்சு எடுத்துடுங்க. கண்ணாடி மேல வச்சா இன்னும் நல்லது.

தார்: புது ரோட்டில் போனால் கதவோட கீழ்ப்பகுதியில் கறுப்புப் புள்ளிகள் வரும். தார் ரிமூவரை நனைச்சு, கரைய விட்டு, மெதுவா துடைச்சுட்டு ஷாம்பூ போட்டுக் கழுவணும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்; தீப்பிடிக்கிற ஆவி.

இரும்புத் துகள்: பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் வர்ற நுண்ணிய இரும்பு, பெயிண்ட்டில் குத்தி துருப் பிடிக்கும். வெள்ளை காரில் ஆரஞ்சுப் புள்ளியா தெரியும். அயர்ன் ரிமூவரில் இருக்கிற தயோகிளைகோலேட் இரும்போட வினைபுரிந்து ஊதா நிறமா வழியும். நாத்தம் தாங்காது, ஆனா வேலை செய்யும்.

இதுக்கப்புறமும் மிச்சம் இருக்கான்னு பார்க்க ஒரு சுலபமான டெஸ்ட். கழுவின பிறகு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள்ள கையை விட்டு பானெட்டை லேசா தடவுங்க. சொரசொரப்பா இருந்தால் கிளே பார் தேவை. நிறைய வழுவழுப்பான திரவம் ஸ்ப்ரே பண்ணி, களிமண் மாதிரியான அந்தக் கட்டியை அழுத்தாமல் நகர்த்தினால், வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற துகள்களை அது பிடிச்சு எடுக்கும். இதுவும் கொஞ்சம் உரசும். அதனால தேவைப்பட்டால் மட்டும்.

பாலிஷ்: கடைசி ஆயுதம்

கீறல் கண்ணை உறுத்தினால்தான் பாலிஷ். மெஷினில் ரெண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுத்தும். வேகமா வெட்டும், ஒரே இடத்தில் சூடு சேரும், பழகாத கையில் பெயிண்ட்டை எரிச்சிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் தன்னையும் சுத்தி, ஒரு ஆஃப்செட் மையத்தையும் சுத்தும். அதிகமா அழுத்தினால் சுத்துறதே நின்னுடும். கத்துக்கிறவங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

நல்ல ஆள் முதலில் ஒரு சின்ன இடத்தில் மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் வச்சு டெஸ்ட் பண்ணுவார். அது போதலேன்னா மட்டும் அடுத்த கடினமான பேடுக்குப் போவார். பேனல் விளிம்புகளில் பெயிண்ட் மெல்லிசா இருக்கும். அங்கே டேப் ஒட்டுவார். தடிமன் மீட்டர் வச்சிருப்பார். அந்த மீட்டர் காட்டுறது மொத்த பெயிண்ட் தடிமனை. கிளியர் கோட் எவ்வளவு மிச்சம்னு அது தனியா சொல்லாது. 120 காட்டினால் 120-ம் செதுக்கலாம்னு அர்த்தம் இல்லை.

காசு கொடுக்கும் முன்னாடி ஒரு செக். சில பாலிஷில் எண்ணெயும் ஃபில்லரும் இருக்கும். கீறலை மறைச்சு, ரெண்டு வாஷில் திரும்பக் காட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை தண்ணீரில் கலந்து ஒரு பேனலைத் துடைக்கச் சொல்லி, டார்ச் அடிச்சுப் பாருங்க. கீறல் திரும்பி வந்தால், வேலை முடியலைன்னு அர்த்தம்.

டெஃப்லான், 9 எச், செராமிக்: எது நிஜம்?

டெஃப்லான் கோட்டிங்: டெஃப்லான் என்பது பிடிஎஃப்இ. உருகுநிலை சுமார் 327 டிகிரி. தோசைக்கல்லில் அது பிடிக்கிறதுக்குக் காரணம், அந்த அளவுக்கு மேல சூடு பண்ணி ஒட்ட வைக்கிறதுதான். கார் பெயிண்ட்டை அந்தச் சூட்டில் வச்சால் பெயிண்ட்டே மிஞ்சாது. அதனால இந்தப் பேரில் வர்ற பளபளப்பு, பெரும்பாலும் கூட இருக்கிற வேக்ஸும் பாலிஷும் தர்றது.

9 எச் கடினம்: இது மோஸ் அளவுகோல் 9 இல்லை. பென்சில் டெஸ்ட். 9 எச் பென்சிலால் கீற முடியலைன்னு மட்டும்தான் அர்த்தம். பென்சில்ல இருக்கிறது கிராஃபைட்டும் களிமண்ணும். குவார்ட்ஸ் மணல் இந்தக் கோட்டிங்கையும் கீறும்.

செராமிக் கோட்டிங் ஏமாற்று வேலை இல்லை. சிலிக்கன், ஆக்சிஜன் பிணைப்புள்ள மெல்லிய படலம் பெயிண்ட்டில் பிடிச்சுக்கும். தண்ணீர் முத்தா உருளும், அழுக்கு கம்மியா ஒட்டும், கழுவுறது சுலபம். ஆனா அது கவசம் இல்லை. அதுமேலயும் போர் தண்ணீர் காய்ந்தால் கறை விழும். காய்ந்த துணி பட்டால் கீறல் விழும். கல் தெறிக்கிறதைத் தாங்கணும்னா 150 மைக்ரானுக்கு மேல தடிமன் உள்ள பிபிஎஃப் பிலிம்தான் வழி. அதோட விலையும் அந்த ரேஞ்ச்.

பட்ஜெட் குறைவா? பிரேசில் பனை ஓலையிலிருந்து வர்ற கார்னௌபா வேக்ஸ் இருக்கு. சில வாரம்தான் நிற்கும். ஆனா ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் நீங்களே போடலாம்.

வண்டியை விட கை முக்கியம்

வாட்டர் சர்வீஸ் இடங்களில் லேபிள் இல்லாத வெள்ளைக் கேனில் "வீல் ஆசிட்" பார்த்திருப்பீங்க. சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளோரைடோ இருக்கு. இதோட ஆபத்து, நீர்த்த நிலையில் பட்டால் உடனே எரியாது. தோலைத் தாண்டி உள்ளே போய், உடம்பில் இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும். சில மணி நேரம் கழிச்சு வலி தொடங்கும்போது உள்ளே சேதம் ஆகியிருக்கும். லேபிளில் இந்தப் பேர் இருந்தாலோ, லேபிளே இல்லேன்னாலோ தொடாதீங்க. பட்டுட்டால் தண்ணீரில் தொடர்ந்து கழுவிக்கிட்டே உடனே ஆஸ்பத்திரி. என்ன கெமிக்கல்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

டாய்லெட் ஆசிட்டும் வேண்டாம். அது அலாய் வீலோட அலுமினியத்தையே தின்னும். ப்ளீச்சோட சேர்ந்தால் குளோரின் வாயு.

பிரஷர் வாஷர் நுனியை யார் மேலயும் காட்டாதீங்க, விளையாட்டுக்குக் கூட. அந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைக்கும். வெளியே சின்னப் புள்ளி மாதிரி தெரிந்தாலும் உள்ளே பெரிய காயமா இருக்கும். பெயிண்ட்டிலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளிப் பிடிங்க. மூணு பின் எர்த் பிளக், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஈரத்தரையில் மெஷின் ஓட்டாதீங்க. பாலிஷ் போடும்போது கண்ணாடியும் மாஸ்க்கும். டயர் ஷைன் பக்கவாட்டில் மட்டும்; பைக் டயருக்கு அதுவும் வேண்டாம், வளைவில் சாயும்போது வழுக்கும். கழுவின உடனே பிரேக் ஈரமா இருக்கும். முதல் நூறு மீட்டர் மெதுவா ஓட்டி, ரெண்டு தடவை லேசா பிரேக் பிடிச்சுப் பார்த்துட்டு வேகம் எடுங்க.

கடைசியா ஒண்ணு. அபார்ட்மெண்ட்டில் விடியற்காலையில் முப்பது காரைத் துடைக்கிற அண்ணாவைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்கிட்ட இருக்கிறது ஒரு பக்கெட், ஒரு துணி, ஒரு காருக்கு அஞ்சு நிமிஷம். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணீர் ஊத்திக் கழுவினால் போதும், சம்பளம் அதேதான்னு சொல்லிப் பாருங்க. ரெண்டாவது பக்கெட்டும், ரெண்டு மைக்ரோஃபைபர் துணியும், ஒரு ஜோடி கிளவுஸும் வாங்கிக் கொடுங்க. மொத்தமே ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியும். எந்த செராமிக் கோட்டிங்கை விடவும் உங்க பெயிண்ட்டுக்கு அது நல்லது. அவர் கைக்கும்தான்.